மலை மேல கெட்டிமேளம்... மூச்சு வாங்கிடுச்சு!

ஒரு சின்ன டெஸ்ட். பேப்பர், பேனா எடுங்க. அம்மா பக்கம், அப்பா பக்கம், பக்கத்து வீடு, எதிர்வீடு, ஸ்கூல், காலேஜ்னு உங்களுக்குத் தெரிஞ்ச அத்தனை பேரையும் மனசுல கொண்டு வாங்க. இப்ப அதுல 26 பேரை மட்டும் எழுதுங்க. மிச்ச யாரையும் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போறதில்லை. எத்தனாவது பேர்ல பேனா நின்னுச்சு?

எனக்கு ஒன்பதாவது பேர்ல நின்னுச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

2023-ல நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். பெரியப்பா பொண்ணு, எனக்குக் கூடப் பொறக்காத அக்கா, பெங்களூர்ல ஐ.டி. வேலை. கூட வேலை பார்க்குற கோயம்புத்தூர்க்காரரைத்தான் கட்டிக்குவேன்னு ஒரே பிடிவாதம். ரெண்டு வீட்லயும் ஒரு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்து, ஒருவழியா எல்லாரும் சரின்னு தலையாட்டின நேரத்துல அடுத்த குண்டைப் போட்டா.

"கல்யாணம் லே-யில வெச்சுக்கலாம்."

பெரியப்பாவுக்கு 'லே'ன்னா திருநெல்வேலிப் பக்கம் ஆளைக் கூப்பிடுறது. அப்படி ஒரு ஊரு லடாக்ல இருக்குன்னு மேப்பைக் காட்டித்தான் நம்ப வெச்சோம். மணாலியிலிருந்து லே வரைக்கும் நானூறு கிலோமீட்டருக்கும் மேல. ஆபீஸ் குரூப்போட பைக்ல போனப்ப, நடுவுல ஏதோ ஒரு கணவாய்ல அக்கா வாந்தி எடுக்க, மாமா தண்ணி பாட்டிலை நீட்டியிருக்கார். அதுவரைக்கும் ரெண்டு பேரும் 'ஹாய்' மட்டும்தானாம். காதல் எங்கெல்லாம் பூக்குது பாருங்க!

எக்ஸெல் தெரியும்கிற ஒரே குத்தத்துக்காக பிளானிங் பூரா என் தலையில விழுந்துச்சு.

முதல் பஞ்சாயத்து, தேதி. லே போக நல்ல காலம்னா மே முடிவுல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான். அந்தக் கணக்கை எடுத்துட்டுப் போய் நம்ம காலண்டர் மேல வெச்சுப் பாருங்க, சிரிப்பு வரும். வைகாசியில அங்க குளிர் முழுசா விட்டிருக்காது. ஆனி, டூரிஸ்ட் சீசனோட உச்சம். ரூம் வாடகையைக் கேட்டு மாமா போனை வெச்சவர் ரெண்டு நாள் பேசலை. ஆடியில கல்யாணம்னு சொன்னா வீட்ல சோறு கிடைக்காது. புரட்டாசியும் ஆகாது. மிச்சம் ஆவணி. அதாவது ஆகஸ்ட் நடுவுல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் ஒரே ஒரு மாசம். இமயமலையும் பாம்பு பஞ்சாங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மாசம் அது ஒண்ணுதான்.

அடுத்தது சட்டம். போன ஊர்ல தாலி கட்டிட்டு அங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிடலாம்னு நெனச்சோம். 1954-ம் வருஷ சிறப்புத் திருமணச் சட்டப்படி பண்ணணும்னா, ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாளாவது குடியிருந்திருக்கணும். நோட்டீஸ் கொடுத்துட்டு இன்னொரு 30 நாள் காத்திருக்கணும். நாலு நாள் லீவுல போறவங்களுக்கு ஆகுற காரியமா? பதிவை பெங்களூர்ல முடிச்சுக்கலாம், தாலி மட்டும் மலையிலன்னு முடிவாச்சு. இப்படி ஊருக்கு வெளிய கல்யாணம் பண்ணணும்னு கனவு இருக்குறவங்க, போட்டோகிராஃபரைத் தேடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

பெரிய சண்டை மொய்யிலதான் வந்துச்சு. நீங்க மதுரை, ராமநாதபுரம் பக்கம்னா நான் விளக்கவே வேணாம். பெரியப்பாகிட்ட நாப்பது வருஷத்து மொய் நோட்டு இருக்கு. யார் வீட்டு விசேஷத்துல எவ்வளவு எழுதினோம்னு அவர் கையெழுத்துல வரிசையா இருக்கும். அதெல்லாம் திரும்பி வர்றது பொண்ணு கல்யாணத்துல. "எனக்குக் காசு பெருசில்லடா. அவன் திருப்பிச் செய்யணும்னு நெனைக்கிறப்ப, வாங்கிக்க நாம பந்தல்ல இல்லைன்னா அது அவனை அவமானப்படுத்துறதுடா"ன்னார். மொய்யை நான் அதுவரைக்கும் அப்படிப் பார்த்ததே இல்லை. ஊருக்குத் திரும்பினதும் மண்டபம் பிடிச்சு வரவேற்பு வைக்கிறதா ஒப்பந்தம் ஆச்சு. 1,200 பத்திரிகை. ஆக, செலவு குறையும்னு அக்கா சொன்ன பாயின்ட் அன்னிக்கே செத்துப் போச்சு!

மலைக்கு 26 பேர். அதுக்கு மேல ஹோட்டல்ல ரூம் இல்லை, மாமா பர்ஸ்லயும் இடமில்லை. லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, மாமா வீட்ல நாலு பேர்... எட்டு ஆச்சு. ஒன்பதாவது, அப்பத்தா.

அப்பத்தாவுக்கு அப்பவே நல்ல வயசாயிடுச்சு. பெரியப்பா, பெரியம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போனவங்க. அக்காவை வளர்த்ததே அப்பத்தாதான். பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்துக்குத் தூக்குவாளி கொண்டு போனது, காதல் விஷயத்தை முதல்ல கேட்டுட்டு, "பையன் குடிப்பானா?"ன்னு ஒரே கேள்வியோட விட்டது எல்லாம் அவங்கதான். ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்காங்க.

லே ஊரு கடல்மட்டத்துல இருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். ஊட்டி தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அதுக்கும் மேல கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏறி அங்க வீடு கட்டிக் குடியிருக்காங்கன்னு வெச்சுக்கங்க. காத்தோட அழுத்தம் குறைஞ்சுடுறதால, மதுரையில ஒரு மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான் அங்க கிடைக்கும். ரோட்ல போனா உடம்பு கொஞ்சம் கொஞ்சமா பழகும். டெல்லியில ஏறி ஒன்றேகால் மணி நேரத்துல இறங்குறவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதையெல்லாம் படிச்சுட்டு நான் ஒரு வேலை பண்ணேன். யார்கிட்டயும் கேக்காம, டாக்டரைக்கூடப் பார்க்காம, அப்பத்தா பேரை 'வர முடியாதவங்க'ன்னு ஒரு காலம் போட்டு அதுல தள்ளினேன். பளிச்சுனு தெரியட்டும்னு சிவப்புக் கலர் வேற. அப்படியே ஃபேமிலி குரூப்புல ஷேர் பண்ணிட்டு காலேஜ் போயிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தா ஒரே அமைதி. அத்தை பொண்ணு அந்த லிஸ்ட்டை அப்பத்தாவுக்கு வரிசையா வாசிச்சுக் காட்டியிருக்கா. அப்பத்தா ஒண்ணும் சொல்லலை. காபி போட்டுக் கொடுத்துட்டு, "ஏன் ராசா, அந்த ஊர்ல ரொம்பக் காது அடைக்குமோ?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரிதான் அம்மா சொன்னாங்க... கொடைக்கானல் போன எதிர்வீட்டு அக்காகிட்ட காசு கொடுத்து, மெரூன் கலர்ல ஒரு ஸ்வெட்டர் வாங்கி அலமாரியில வெச்சிருக்காங்கன்னு.

டாக்டரும் பின்னாடி அதையேதான் சொன்னார், இந்த இதயத்தோட அவ்வளவு உயரம் வேண்டாம்னு. நான் எழுதினது சரிதான். ஆனா அதை ஒரு டாக்டர் வாயால கேக்குறதும் பேரன் பூசின சிவப்புக் கலர்ல கேக்குறதும் ஒண்ணா, நீங்களே சொல்லுங்க.

அக்கா ஒரு வாரம் போனே எடுக்கலை. அப்புறம் "கேன்சல் பண்ணிடலாம்"னா. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் போகும், போகட்டும்னு மாமாவும் சொல்லிட்டார். அப்பத்தாதான் விடலை. "நீ ஆசைப்பட்ட எடம்டி. நான் போட்டோவுல பாத்துக்கறேன். இதுக்காக நின்னுச்சுன்னு ஊர் சொன்னா எனக்குத்தான் கேவலம்"னு முடிச்சுட்டாங்க. நிஜமாவே மனசு ஒப்பித்தான் சொன்னாங்களான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நாங்க எல்லாரும் அதை அப்படியே வாங்கிக்கிட்டோம். எங்களுக்கு அது வசதியா இருந்துச்சு.

பேக்கிங் தனிக் காமெடி. ஆளுக்கு 15 கிலோ. கற்பூரம், தீப்பெட்டியை விமானத்துல ஏத்தவே விட மாட்டாங்க. வாழையிலையை ஈரத்துணியில சுத்தி என் பெட்டியில வெச்சதால, என் பேன்ட் சட்டை எல்லாம் பெரியப்பா பெட்டிக்குப் போச்சு. தெர்மாகோல் டப்பாவுல மல்லிகைப்பூ. சாம்பார் பொடி பாக்கெட்டை ஸ்கேனர்ல பார்த்துட்டு டெல்லி செக்யூரிட்டிக்காரர் முகர்ந்தாரு பாருங்க... தும்மல் நிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. லேவுக்கு விமானம் பெரும்பாலும் காலையிலதான். மத்தியானம் ஆச்சுன்னா பள்ளத்தாக்குல காத்து கிளம்பிடும், வெயில் ஏறினா ஏற்கெனவே லேசான காத்து இன்னும் லேசாகி விமானம் மேல எழும்பக் கஷ்டப்படும். அதனால முந்தின ராத்திரி பூரா டெல்லி ஏர்போர்ட் தரையிலதான் 26 பேரும். பெரியம்மா கட்டிட்டு வந்த புளியோதரை வாசத்துக்கு, பக்கத்துல படுத்திருந்த முகம் தெரியாத நாலு பேரும் எங்க சொந்தமாயிட்டாங்க.

காலையில ஜன்னல் வழியா பனிமலையா பார்த்துக்கிட்டே வந்து, இறங்கும்போது பார்த்தா கீழ பச்சையே இல்லை. பழுப்பு, சாம்பல், மறுபடி பழுப்பு. சிந்து நதி ஓரமா மட்டும் ஒரு பச்சைக் கோடு. வருஷத்துக்கு 10 சென்டிமீட்டர் அளவுதான் மழை அங்க. "இதுக்கா இம்புட்டு செலவு? நம்ம முதுகுளத்தூர்லயே பந்தல் போட்டிருக்கலாமேடா"ன்னார் பெரியப்பா.

இறங்குனதும் 26 பேரையும் நிக்க வெச்சு லெக்சர் அடிச்சேன். 'ரெண்டு நாள் ரெஸ்ட். நடக்கக் கூடாது, ஓடக் கூடாது, தண்ணி நிறையக் குடிங்க.' எல்லாரும் சமத்தாப் போய்ப் படுத்தாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? சாயந்திரம் சும்மா இருக்க முடியாம, சாந்தி ஸ்தூபிக்குப் படியேறினேன். ஐநூறுக்கும் மேல படி. மேல போய் செல்ஃபியும் எடுத்தேன். ராத்திரி ஒம்பது மணிக்குத் தலையில யாரோ சுத்தியல்ல அடிக்கிற மாதிரி ஆரம்பிச்சுது. பதினோரு மணிக்கு நாலாவது வாந்தி. பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில மூக்குல ஆக்சிஜன். 64 வயசு பெரியப்பா ஜம்முனு பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "என்னைய நடக்கக் கூடாதுன்னியேடா பயலே"ன்னு காலைப் பிடிச்சு விட்டார். மறுநாள் நலங்கு வெச்சப்ப நான் கட்டில்ல. போட்டோல ஒண்ணுலகூட நான் இல்லை. இந்த மலை நோய்க்கு வயசு, ஜிம் பாடி எதுவும் கணக்கில்லைங்க. போற எண்ணம் இருந்தா, மாத்திரை விஷயமெல்லாம் ஊர்லயே டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க.

ஹோட்டல் ஒரு லடாக்கிக் குடும்பத்தோடது. முதல் நாளே அந்தப் பையன், என் வயசுதான், ஒரு வேண்டுகோள் வெச்சான். ஷவர் வேண்டாம், பக்கெட்ல குளிச்சுக்கங்க. மலையில உருகுற பனியும் போர்வெல்லும்தான் ஊருக்கே தண்ணி. அவங்க தாத்தா காலத்துக் கழிப்பறையில தண்ணியே கிடையாது, மண்ணைப் போட்டு மூடி வயலுக்கு உரமாக்கிடுவாங்களாம். டூரிஸ்ட் வந்தப்புறம் எல்லாம் ஃபிளஷ். 'நாங்க 26 பேர் கல்யாணம்னு வந்து எத்தனை பக்கெட் காலி பண்றோம்?'னு மனசுல ஒரு கணக்கு ஓடுச்சு. அதுக்கு எக்ஸெல்ல காலம் போட எனக்குத் தைரியம் இல்லை. 2010 ஆகஸ்ட்ல இதே ஊர்ல ஒரே ராத்திரியில மழை கொட்டி, மண்ணும் பாறையும் இறங்கி 200 பேருக்கு மேல செத்திருக்காங்க. தண்ணி இல்லாத ஊர்ல தண்ணியில சாவு. அந்தப் பையன் அதைச் சொல்றப்ப குரல் மாறிடுச்சு, நாங்களும் மேல கேக்கலை.

'லே' கதை பாக்கி இருக்கே! லடாக்கி மொழியில மரியாதைக்குக் கடைசியில 'லே' சேர்ப்பாங்க. அம்மான்னா 'அமா-லே', அண்ணன்னா 'ஆச்சோ-லே', பாட்டின்னா 'அபி-லே'. வணக்கத்துக்கு 'ஜூலே'. நெல்லையில சொன்னா அடி விழும், இங்க சொன்னா டீ கிடைக்கும்னு பெரியப்பா கண்டுபிடிச்சார். கிடைச்சது உப்பும் வெண்ணெயும் போட்ட டீ. ஒரு வாய் குடிச்சுட்டு அவர் முழிச்ச முழியை வீடியோ எடுத்து வெச்சிருக்கோம்.

கல்யாணம் காலை ஏழரைக்கு. தோட்டத்துல ஆப்பிள் மரத்தடியில மணவறை. ஐயர் கிடையாது, பெரியவங்க தாலி எடுத்துக் கொடுக்கிறதா ஏற்பாடு. கெட்டிமேளம் புளூடூத் ஸ்பீக்கர்ல. சமையல் அந்த ஹோட்டல்ல வேலை பார்த்த பீகார் மாஸ்டரும் பெரியம்மாவும் கூட்டணி. அந்த உயரத்துல தண்ணி 88 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும். குக்கர் இல்லாம வெச்ச முதல் பானை அரிசி ஒரு மணி நேரம் ஆகியும் நறுக்கு நறுக்குன்னே இருந்துச்சு. பெரியம்மாவுக்கு இந்த பிசிக்ஸ் எல்லாம் சொல்லிப் புரிய வைக்க முடியலை. "அரிசி சரியில்லை"ன்னு பீகார் மாஸ்டர் மேல பழியைப் போட்டுட்டாங்க.

குளிருக்கு எல்லாரும் நடுங்கிக்கிட்டிருந்தப்ப, அக்கா கூறைப்புடவைக்கு மேல மெரூன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்தா. அப்பத்தா கொடுத்துவிட்டது. போட்டோகிராஃபர் "தாலி கட்டுற நேரம் மட்டும் கழட்டிடுங்க மேடம்"னார். கழட்டலை.

அப்பத்தாவுக்காக வீடியோ கால் என் பொறுப்பு. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்க எடுக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சு, போஸ்ட்பெய்டு நம்பரோட அப்பா போனைத் தயாரா வெச்சிருந்தேன். ஹோட்டல் வைஃபை வேற. ஊர்ல அத்தை வீட்டு ஹால்ல அப்பத்தா குளிச்சு, பட்டு கட்டி, போன் முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. "தெரியுதா அப்பத்தா?" "தெரியுதுய்யா, மலை தெரியுது." மாமா தாலியைக் கையில எடுத்தார். ஸ்பீக்கர்ல கெட்டிமேளம். அந்த நேரம் பார்த்துப் படம் நின்னுச்சு. சக்கரம் சுத்துது... சுத்துது... மூணு முடிச்சும் விழுந்துடுச்சு. மறுபடி கனெக்ட் ஆனப்ப அத்தை சொன்னாங்க, அந்த ரெண்டு நிமிஷமும் பெரியப்பா நெத்தி மட்டும்தான் திரை பூரா தெரிஞ்சுதுன்னு. அப்பத்தா அந்த நெத்தியைப் பார்த்தே அட்சதை போட்டிருக்காங்க.

ஆசீர்வாதம் வாங்குறப்ப அந்த வீட்டு அபி-லே வந்தாங்க. எண்பது வயசு இருக்கும், முகம் பூரா சுருக்கம். கதக்னு ஒரு வெள்ளைத் துணி, அதை ரெண்டு கையிலயும் ஏந்தி வந்து ரெண்டு பேர் கழுத்துலயும் போட்டாங்க. ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துட்டு ஏதோ கேட்டாங்க. பேரன் இந்தியில சொன்னான்: "பொண்ணோட பாட்டி எங்கன்னு கேக்குறாங்க." அக்கா அதுவரைக்கும் சிரிச்ச முகமா இருந்தவ. அபி-லே தோள்ல சாஞ்சு அவ அழுத அழுகையில மேக்கப் எல்லாம் அந்தக் கதக்ல.

கிளம்புற அன்னிக்கு, அபி-லே உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு பை நிறையக் கட்டி, 'அந்த அபி-லேகிட்ட கொடு'ன்னு என் கையில கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அப்பத்தா கால்ல விழுந்தா. அப்பத்தா தாலியைக் கையில எடுத்து, முடிச்சை இழுத்துப் பார்த்துட்டு விட்டாங்க. மன்னிப்பு கேக்கணும்னு நான் நாலு வரி யோசிச்சு வெச்சிருந்தேன். வாயைத் திறக்கிறதுக்குள்ள, "அது சரி ராசா, மழையே இல்லைங்கிற, பின்ன எப்படிடா பொழைக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க. ராமநாதபுரத்துக் கண்மாய்க்கரைப் பொம்பளை வேற என்ன கேப்பாங்க!

அந்தப் பையன் எனக்குக் காட்டினதைச் சொன்னேன். பனி உருகி வர்ற தண்ணியை வாய்க்கால் வெட்டி ஒவ்வொரு வயலுக்கா முறை வெச்சு விடுவாங்க. முறை பார்த்து மடை திறந்துவிட ஊருக்கு ஒரு ஆள் உண்டு, 'சுர்போன்'னு பேரு. 'சு'ன்னா அவங்க பாஷையில தண்ணி. பனி குறைஞ்சு போனதால, குளிர்காலத்துல வீணாப் போற தண்ணியை மலைச் சரிவுல தேக்கி உறைய வெச்சு, விதைக்கிற நேரத்துல உருகி வர்ற மாதிரி பண்ண செவாங் நோர்பெல்னு ஒரு இன்ஜினீயரையும் சொன்னேன். 2015-ல பத்மஸ்ரீ வாங்கினவர். அப்பத்தாவுக்குப் பத்மஸ்ரீ எல்லாம் ஏறலை. சுர்போன்லயே நின்னுட்டாங்க.

"அட, நம்ம நீர்க்கட்டி மாதிரி! உங்க தாத்தாவோட அப்பா அந்த வேலைதான்டா பார்த்தாரு. ராத்திரியில மம்பட்டியும் அரிக்கேன் விளக்குமா கரையிலயே கெடப்பாரு. மடையை மாத்தித் தொறந்தா மண்டை ஒடையும்." முக்கால் மணி நேரம் பேசினாங்க. எனக்கு இதுல ஒண்ணுகூட அதுவரைக்கும் தெரியாது.

அப்புறம் ஒரு ஆப்ரிகாட்டை வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டாங்க. பல்லு இல்லாததால அது ஊற நேரமாச்சு.

"அந்தக் கெழவிக்கு நாம என்னத்த அனுப்புறது? கருப்பட்டி தின்பாளா?"

"தின்பாங்க அப்பத்தா."

"ரெண்டு கிலோ வாங்கு. தபால்ல போட்டா எத்தனை நாள்ல போகும்னு உன் லிஸ்ட்டுல பாத்துச் சொல்லு."

லேப்டாப்பைத் திறந்து அந்தப் பழைய ஷீட்டையே எடுத்தேன். சிவப்புக் கலரை அழிச்சுட்டு, கீழ புதுசா ஒரு வரி சேர்த்தேன்.